பத்து கிராம்

தேவசம் பதிவேட்டில் எட்டுப் பத்திகள்.
தேதி, பூஜை, அரிசி நாழிக்கணக்கில்,
சர்க்கரை, தேங்காய், விறகு, வழங்கியது, ஒப்பம்.
சாமி சாப்பிட்டது என்று ஒரு பத்தி இல்லை.

அப்பா இறந்தபின் வாரிசு வேலையாகத்
தெரிசனங்கோப்பில் இந்த நாற்காலி கிடைத்தது.
ஸ்ரீகாரியம் என்பார்கள். நம்பிக்கை உண்டா என்று
விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை.

கன்னி மாதம் பிறந்த வாரம்
சுசீந்திரத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இருநாழி அரிசி உள்ளே போகிறது.
அதே சோறு வெளியே வருகிறது.
அப்படியென்றால் இதில் செலவு எது?"
சிரித்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன்.
கேள்வி மேசைமேலேயே கிடந்தது,
அவர் மறந்துபோன பேனாமூடியோடு.

மூன்றாம் நாள் உச்சபூஜைக்கு முன்னால்
ஆறுமுகப்பெருமாள் கடையின் மின்தராசை இரவல் வாங்கித்
திடப்பள்ளி வாசலில் வைத்தேன், மேலே வாழையிலை.
கேசவரு போற்றி என்னைப் பைத்தியம்போல் பார்த்தார்.
பார்த்தாலும் உருளியை இறக்கினார்.
ருசி பார்க்காமலே வடித்து இறக்குகிறவர்;
முப்பது வருடத்தில் ஒருநாள்கூட
தன் கைப்பக்குவம் தன் நாக்குக்கு
முதலில் தெரிந்ததில்லை.
உருளியோடு மூன்று கிலோ எழுநூற்று நாற்பது.

நடை சாத்தியது. மணி.
எனக்குத் தெரியாத அந்த நாலு நிமிடம்.
மதிலுக்கு அப்பால் கால்வாயில் யாரோ
எருமையைத் திட்டித் திட்டிக் குளிப்பாட்டினார்கள்.

நடை திறந்தது.
மூன்று கிலோ எழுநூற்று முப்பது.

"ஆவி போயிருக்கும் சாரே"
கொள்ளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே சொன்னார் போற்றி.
சூட்டைச் சொன்னாரா, வேறொன்றைச் சொன்னாரா,
நான் கேட்கவில்லை.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

முற்றம் தூக்கும் தாணம்மாளுக்கு
அந்தச் சோற்றில் ஒரு பங்கு உண்டு,
சம்பளத்தைவிடப் பழைய பாத்தியதை.
அன்று மழை. பஸ்ஸைக் காணோம்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிவரை என் ஸ்கூட்டரில் வந்தாள்.
தூக்குவாளியைத் துவர்த்தில் சுற்றி
வயிற்றோடு அணைத்திருந்தாள்,
தான் நனைந்தாலும் அது ஆறிவிடாமல்.

வார்டில் செண்பகராமன், அவள் புருஷன்.
வடசேரிச் சந்தையில் மூட்டை தூக்கிய உடம்பு
கட்டிலில் பாதியைக்கூட நிரப்பவில்லை.
தொண்டை அடைத்து நாற்பது நாள்.
வலது மூக்கில் குழாய்.
இடது மூக்கு மிச்சம்.

அவள் பச்சைத் திரையை இழுத்து மூடினாள்.
நான் இந்தப் பக்கம் நின்றேன்.
மின்விசிறிக் காற்றில் திரை விலகிய இடுக்கில்
வாளி மூடியை அவர் முகத்தருகே திறப்பது தெரிந்தது.
கொஞ்சம் புகை. பச்சரிசி மணம்.
அடியில் வாடிய இலையின் வாசம்.
அவர் கண்ணை மூடினார்.
நெஞ்சு ஏறி, நின்று, மெல்ல இறங்கியது.
ஒரு விரலை உயர்த்திப் போதும் என்றார்.

அப்புறம் அவள் தரையில் சம்மணம் போட்டாள்.
பக்கத்துக் கட்டில் பையனுக்கு ஒரு பிடி.
மீதி அத்தனையும் தின்றாள்,
பசித்தவள் தின்பதுபோலவே, வேகமாக.
"அவிய சாப்பிட்டாச்சு" என்றாள்,
திரைக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கும்படி.

திரும்பும்போது இறச்சகுளம் வயல்களில்
மழைக்கு முந்தி அறுத்த நெல்லை
தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்கள்.
சாலையெல்லாம் வைக்கோல் ஈரம்.
ஏனோ மெதுவாகத்தான் ஓட்டினேன்.

தராசைத் திருப்பிக் கொடுத்தபோது
ஆறுமுகப்பெருமாள் சொன்னார்:
"பத்து கிராம் முன்னபின்ன காட்டும் வேய்,
ரொம்ப நாளா ரிப்பேரு."
இருக்கட்டும் என்றேன்.

பதிவேட்டில் ஒன்பதாவது பத்திக்கு
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருக்கிறேன்.
தலைப்பு எழுதவில்லை.
தினமும் உச்சபூஜை முடிந்ததும்
அதில் பத்து என்று எழுதுகிறேன்.
அடுத்த தணிக்கையில் அழிக்கச் சொல்வார்கள்.
அதனால்தான் பென்சில்.